டீசலை இறக்கிவைக்கும் எஞ்சின்கள்

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே திருவள்ளூருக்கும் 1979-லேயே மின்சார ரயில் பாதை வந்துவிட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டாகத் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடும் இந்தப் பாதைகளில் டீசல் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பிரதான பாதையிலிருந்து கிளை பிரிந்து துறைமுகத்துக்கோ ஆலைக்கோ கிடங்கிற்கோ போகும் சைடிங்குகளைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கிரேன் வைத்து மேலிருந்து சரக்கை ஏற்றி இறக்கும் இடத்தில் உயர் அழுத்தக் கம்பி கட்ட முடியாது. கம்பி இல்லாத இடத்துக்கு மின்சார எஞ்சின் போக முடியாது. அங்கே பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சேர்க்கும் ஷண்டிங் வேலைக்கு டீசல் எஞ்சின்தான் வரவேண்டும்.

நாட்டின் அகலப் பாதைகள் அனைத்தையும் மின்மயமாக்கும் திட்டத்துக்கு 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இன்று அந்த வேலை முடியும் நிலைக்கு வந்துவிட்டது. அப்படியானால், ஆயுள் பாதி மீதமிருக்கும் டீசல் எஞ்சின்களை என்ன செய்வது? பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றுவிடுவதா, மின்சாரத்துக்கு மாற்றி ஓட்டுவதா?

டீசல் எஞ்சின் எப்படி ஓடுகிறது?

லாரியில் எஞ்சினின் சுழற்சி கியர் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. நம் பாதைகளில் ஓடும் பெரிய டீசல் ரயில் எஞ்சினில் அப்படி இல்லை. டீசல் எரிந்து ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகும். மோட்டார்கள் சக்கரத்தைத் திருப்பும். தன் மின்நிலையத்தையும் அதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலையும் தானே சுமந்துகொண்டு ஓடும் மின்சார எஞ்சின் என்று இதைச் சொல்லலாம்.

அந்த மின்நிலையத்தைக் கழற்றிவிட்டு, கம்பியிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொடுத்தால் போதுமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. எண்ணம் எளிது, செய்வது எளிதல்ல.

வாரணாசியில் 69 நாள்

இந்தியாவில் இதைச் செய்து காட்டியது வாரணாசியில் உள்ள டீசல் எஞ்சின் தொழிற்சாலை. 1964 ஜனவரியில் தன் முதல் எஞ்சினை வெளியே அனுப்பிய ஆலை அது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் உரிமம் பெற்று அங்கே தயாரான எஞ்சின்கள்தான் பல தலைமுறைகளாக நம் ரயில்களை இழுத்தன. டீசலுக்கென்றே பிறந்த அந்த ஆலை, தான் பெற்ற பிள்ளையையே மாற்றிப் பார்க்க முன்வந்தது.

டபிள்யூ.டி.ஜி.-3ஏ வகையைச் சேர்ந்த இரண்டு சரக்கு எஞ்சின்களை எடுத்துக்கொண்டார்கள். 2017 டிசம்பர் 22-ல் தொடங்கிய வேலை 2018 பிப்ரவரி 28-ல் முடிந்தது. மொத்தம் 69 நாள். ஒவ்வொன்றும் 2,600 குதிரைத்திறன் என்றிருந்தவை 5,000 குதிரைத்திறனுக்கு உயர்ந்தன. இரண்டையும் ஒன்றாக இணைத்து 10,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை எஞ்சினாக்கினார்கள். 2019 பிப்ரவரி 19-ல் பிரதமர் நரேந்திர மோடி வாரணாசியில் அதைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார்.

பழைய உடலுக்கு இத்தனை பலம் எப்படி வந்தது? டீசல் எஞ்சினில் உள்ளே இருக்கும் சிலிண்டர்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் இழுக்க முடியும். கம்பியின் பின்னால் இருப்பதோ மாநிலங்களை இணைக்கும் மின் தொகுப்பு. உள்ளே பொருத்தும் சாதனங்கள் தாங்கும் அளவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எதைக் கழற்றி எதை வைப்பது?

வண்டிக்குள் டீசலை எரிக்கும் எஞ்சின், ஜெனரேட்டர், ரேடியேட்டர், எரிபொருள் தொட்டி எல்லாம் வெளியே வரும். கூரையில் கம்பியைத் தொட்டு மின்சாரம் வாங்கும் பேன்டோகிராஃப், ஆபத்து நேரத்தில் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், 25,000 வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டாருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித்தரும் கன்வெர்ட்டர் ஆகியவை உள்ளே போகும்.

பலரும் நினைத்துப் பார்க்காத சிக்கல் ஒன்று இதற்குப் பிறகு வருகிறது. ஆல்கோ எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றுவதில்லை. பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸர், மோட்டாரைக் குளிரவைக்கும் புளோயர் போன்றவையும் அதன் சுழற்சியை நம்பியே இருக்கின்றன. அதைக் கழற்றினால் இவையும் நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, அவற்றுக்கு மின்சாரம் தர இன்னொரு ஏற்பாடும் செய்தாக வேண்டும்.

எடையையும் கவனிக்க வேண்டும். ரயில் எஞ்சின் கனமாக இருந்தால்தான் தண்டவாளத்தில் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். இலேசாகிவிட்டால் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் சக்கரம் வழுக்கும். கழற்றிய எடையை ஈடுகட்டி, அதை எல்லா அச்சுகளுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும்.

செலவு குறைவு, பிறகு ஏன் பெருகவில்லை?

டீசல் எஞ்சின் ஒன்றுக்கு நடுவயதில் செய்யும் பெரிய புதுப்பிப்புக்கு 5 முதல் 6 கோடி ரூபாய் ஆகும், மின்சாரத்துக்கு மாற்ற ஏறக்குறைய பாதியான 2.5 கோடி போதும் என்று ரயில்வே அப்போது தெரிவித்தது. ஆனாலும் இப்படி மாற்றப்பட்ட எஞ்சின்கள் ஒரு சிலவே. அதே காலத்தில் புதிய மின்சார எஞ்சின்கள் ஆலைகளிலிருந்து வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ஆலை மட்டும் 2018-19-ல் 402 எஞ்சின்களைத் தயாரித்தது. வாரணாசி ஆலையும் புதிய மின்சார எஞ்சின் தயாரிப்புக்கு மாறி, 2020-ல் பனாரஸ் எஞ்சின் தொழிற்சாலை என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. மின்சார எஞ்சினாகவே வடிவமைத்த வண்டி 35 ஆண்டு உழைக்கும் என்றால், பாதி ஆயுள் போன உடலுக்குள் புதிய உறுப்புகளைப் பொருத்துவது பெரிய எண்ணிக்கையில் எடுபடுவது கடினம்.

இந்த முயற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை வேலையில் இறங்கிய தொழிலாளர்களும் பொறியாளர்களும் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டார்கள். மாற்றியமைக்கும் அந்தத் திறமை இன்று வேறு வடிவங்களில் தேவைப்படுகிறது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலை 2025 ஜூலையில் ஹைட்ரஜனில் இயங்கும் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தது. ஜபல்பூரில் 2020-லேயே, கம்பி உள்ள இடத்தில் கம்பியிலும் இல்லாத இடத்தில் பேட்டரியிலும் ஓடும் 'நவதூத்' என்ற ஷண்டிங் எஞ்சினை உருவாக்கினார்கள்.

புகை எங்கே போகிறது?

திருவள்ளூர் மாவட்டத்தில் வாழ்பவர்கள் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. கம்பியில் வரும் மின்சாரம் எங்கோ பிறக்கிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும் அருகிலேயே 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையமும் நிற்கின்றன. இரண்டும் நிலக்கரியை எரிப்பவை. எஞ்சினின் புகைபோக்கியை அடைத்தாலும், அந்தச் சுமையில் ஒரு பங்கு மீஞ்சூர், அத்திப்பட்டு மக்களின் தலைக்கு மேல் உள்ள புகைபோக்கிகளுக்கு மாறலாம். இதை மறைத்துவிட்டு மின்மயமாக்கலைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆனாலும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. டீசல் எஞ்சின் ஆயுள் முழுக்க டீசலைத்தான் குடிக்கும். மின்சார எஞ்சினோ கம்பியில் எது வந்தாலும் ஓடும். நாளைக்கு அந்த மின்சாரம் முப்பந்தல் காற்றாலையிலிருந்தோ கமுதி சூரியப் பண்ணையிலிருந்தோ வந்தால், எஞ்சினில் ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. நவீன மின்சார எஞ்சின் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பவும் செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த ஆற்றல் வெறும் சூடாகக் காற்றில் கலந்து போகிறது.

டீசல் முற்றிலும் போய்விடலாமா?

2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தீப்பிடித்து 18 டேங்கர்கள் எரிந்தன. மேல்நிலைக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பாதையில் ரயில் போக்குவரத்து நின்றது. விபத்தோ புயலோ கம்பியை அறுக்கும் நாளில், கம்பியை நம்பாத எஞ்சின்கள் சில கைவசம் இருந்தாக வேண்டும். வங்கக் கடலோர மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆகவே எல்லா டீசல் எஞ்சினுக்கும் ஒரே மருந்து கிடையாது. நெடும்பாதைக்குப் புதிய மின்சார எஞ்சின் போதும். அவசரத்துக்குச் சில டீசல் எஞ்சின்களை நல்ல நிலையில் பேணலாம். டீசலை எடுத்துவிட்டுப் பேட்டரி வைத்து மாற்றியமைக்கும் வேலைக்கு உண்மையான இடம் சைடிங்கில்தான் இருக்கிறது. ஷண்டிங் எஞ்சின் மெதுவாகத்தான் ஓடும். கொஞ்ச தூரம்தான் போகும். நாளின் பெரும்பகுதி நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும். பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. எடை கூடுகிறதே என்ற கவலையும் அங்கே இல்லை. கனம்தானே பிடியைத் தருகிறது!

எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் ஒட்டியே வளர்ந்த நிலம் இது. நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் ஏற்கெனவே சுவாசிப்பவர்களுக்கு, சைடிங்கில் நிற்கும் எஞ்சினின் புகையாவது குறைய வேண்டும். இரண்டு எஞ்சின்களை மாற்ற 69 நாள் போதும் என்று 2018-லேயே நம் தொழிலாளர்கள் காட்டிவிட்டார்கள். அந்தக் கைத்திறனை இந்தப் பக்கத்துச் சைடிங்குகளுக்குக் கொண்டுவருவதுதான் அடுத்து நடக்க வேண்டிய வேலை.