திருச்சியிலிருந்து சித்தப்பா வந்தால் எங்கே சாப்பிட வைப்பது?

ஊரிலிருந்து வரும் உறவினர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார். அடுத்து, "இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" என்பார். சிங்கப்பூரில் பல குடும்பங்கள் இதற்கு ஒரே பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன: "தேக்காவுக்குப் போயிடலாம்."

பதில் தவறில்லை. ஆனால் தேக்கா என்பது ஒரு முகவரி மட்டுமே. அங்கே எந்தக் கடையில், எந்தப் பண்டத்தை, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று சொன்னால்தான் அது பரிந்துரை ஆகும். உணவங்காடி நிலையத்தில் ஒவ்வொரு கடையும் ஒருவர் அல்லது இருவரின் கைப்பக்குவத்தை நம்பி நடக்கிறது. அந்தக் கைக்கு நேரம் உண்டு, ஓய்வு நாள் உண்டு, வயதும் உண்டு.

தேக்காவையே எடுத்துக்கொள்ளலாம். 1982 இல் ஜூஜியாவ் நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்ட கட்டடம் அது. மக்கள் வாயில் அந்தப் பெயர் நிற்கவே இல்லை. கடைசியில் 2000 ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்றே பெயர் மாற்றினார்கள். தேக்கா என்பது தமிழ்ச் சொல் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்ற பொருள் தரும் ஹொக்கியன் சொல் அது. கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தை. மறுபக்கம் உணவுக் கடைகள். மாடியில் துணிக்கடைகளும் தையற்கடைகளும்.

காலை எட்டு மணிக்கு அங்கே போகிறவர் ஆப்பம், தோசை, பிராட்டாவைத் தேடிப் போக வேண்டும். பிரியாணிக்குப் பதினொரு மணிக்குமேல் போவது நல்லது. பிற்பகல் மூன்று மணிக்குப் போய், "சட்டியில ஒண்ணுமே இல்ல, தேக்கா முன்ன மாதிரி இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டால் குற்றம் கடையுடையது அல்ல. திங்கட்கிழமை சந்தைப் பகுதியில் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா முழுவதும் விடுமுறைக்கு வந்த ஊழியர்களால் நிறைந்துவிடும். சித்தப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடலாம்.

சரி, அவருக்கு என்ன வாங்கித் தருவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸ், 1924 இல் தொடங்கிய ஆனந்த பவன் ஆகிய பெயர்கள் உடனே வாயில் வந்துவிடும். இரண்டும் சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றில் இடம்பெற்ற சைவ உணவகங்கள். ஆனால் திருச்சியில் தினமும் தோசை சாப்பிடுகிறவரை விமானமேற்றி வரவழைத்து, முதல் நாளே தோசைக் கடையில் உட்கார வைப்பது நியாயமா? மூன்றாம் நாள் அவரே கேட்பார். அப்போது கூட்டிக்கொண்டு போகலாம்.

முதல் இரண்டு நாளும் ஊரில் கிடைக்காததைத் தர வேண்டும். நம்மவர் கையால் இந்த மண்ணில் உருவான பண்டங்கள் அவை.

மீன் தலைக் கறி முதலாவது. 1949 இல் கேரளத்தைச் சேர்ந்த எம். ஜே. கோமெஸ், சோஃபியா சாலைப் பகுதியில் இருந்த தமது கடையில் இதைச் செய்து விற்றார். கேரளத்துக் கறி அது. ஆனால் மீனின் தலையை மட்டும் தனியாகப் போட்டுப் பரிமாறும் எண்ணம் சீன வாடிக்கையாளர்களைப் பார்த்து வந்தது. சீனர்கள் மீன் தலையை அருமையான பாகமாகக் கருதுபவர்கள். கன்னத்துச் சதைக்கும் கண்ணுக்கும் அவர்களிடம் தனி மதிப்பு. நம்மவர் மசாலாவும் புளியும் சேர, இரண்டு சமூகமும் ஒரே சட்டியில் கைவைத்தது. பிறகு 1969 இல் தொடங்கிய முத்தூஸ் கறி, 1974 இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோ போன்ற, இப்போது ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள உணவகங்கள் இதை ஊரறியச் செய்தன. ஈக்கான் மேரா மீனின் தலை, வெண்டைக்காய், கத்தரிக்காயுடன் கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும். ஒரு தலையை மூன்று நான்கு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். விலை அளவைப் பொறுத்தது; எத்தனை பேர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மீதமாகாது.

அடுத்தது மீ கோரிங். சீனர்களின் மஞ்சள் மீ, தக்காளி சாஸ், மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு, முட்டை. தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் இவற்றை ஒரே வாணலியில் சேர்த்துப் பிரட்டிச் சிவக்க வைத்தார்கள். நல்ல கடையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கேட்ட பிறகு ஒவ்வொரு தட்டாகப் பிரட்டுகிறாரா, மொத்தமாகச் செய்து குவித்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். குவித்து வைத்த மீ தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். தீயில் நேராகப் பட்ட மீயின் மணம் அதில் வராது.

இந்திய ரோஜாக்கும் அப்படியே. பெயரில்தான் இந்தியா, இந்தியாவில் கிடையாது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து வடை, இறால் வடை, தவ்கூ, டெம்பே, முட்டை, உருளைக்கிழங்கு என்று நாமே எடுத்துத் தட்டில் வைக்க, கடைக்காரர் அவற்றை மறுபடி எண்ணெயில் போட்டுச் சூடாக்கி நறுக்கித் தருவார். தொட்டுக்கொள்ள, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த இனிப்பும் காரமுமான செந்நிறக் குழம்பு. அந்தக் குழம்பில்தான் கடைக்குக் கடை வித்தியாசம்.

மறுபடி சூடாக்குவதை வெறும் சடங்கு என்று நினைக்கக்கூடாது. 2009 ஏப்ரலில், கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இருந்த ஒரு கடையின் ரோஜாக்கைச் சாப்பிட்டு 150க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பச்சைக் கடலுணவிலிருந்த கிருமி, சமைத்த பண்டங்களில் கலந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஒரு கடையைச் சொந்தக்காரருக்குப் பரிந்துரைக்குமுன் பச்சை இறாலும் வெந்த வடையும் ஒரே பலகையில் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பதில் தவறில்லை.

மட்டன் விரும்பிகளுக்கு இரண்டு இடங்கள். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் முர்தபாக் போடும் ஜம் ஜம் ஒன்று. அங்கே மான் இறைச்சி முர்தபாக்கும் கிடைக்கும். மற்றொன்று பீச் ரோட்டின் கோல்டன் மைல் உணவு நிலையம். அங்கே சுப் தூலாங் என்ற எலும்புச் சூப்பைச் செக்கச் செவேலென்று கொடுப்பார்கள். மஜ்ஜையை உறிஞ்ச ஓர் உறிஞ்சுகுழலும் தருவார்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று சித்தப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சித்தி செவ்வாய், வெள்ளி சைவம் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். கண்ணுக்குச் சைவமாகத் தெரியும் சம்பால் கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கும். அது இறாலில் செய்வது. மீ சியாம் குழம்பும் பெரும்பாலும் அப்படித்தான். சீனக் கடைக்காரரிடம், "இறைச்சி உண்டா?" என்று மட்டும் கேட்டால் இந்த விவரம் வராது. இறால் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் இன்றைய நிலவரம். ஐந்து ஆண்டுகள் கழித்து இதே பட்டியலைச் சொல்ல முடியுமா?

சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் கடைக்காரர்களின் இடைநிலை வயது சுமார் 60. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வெங்காயம் உரிக்க அவர்கள் வரவில்லை என்று குறை சொல்லவும் முடியாது. பெற்றோரே அதற்காகத்தான் படிக்க வைத்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. சிராங்கூன் சாலையின் இந்திய உணவகங்கள் 2023 செப்டம்பர் முதல் வேலை அனுமதிச் சீட்டில் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவரலாம். உணவங்காடிக் கடைக்கு அந்த வழி இல்லை. அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் வேலை செய்யலாம் என்றிருந்தது; 2025 ஜனவரி முதல் நீண்டகால வருகை அட்டை வைத்திருப்போரை உதவியாளராகச் சேர்க்க அனுமதி வந்துள்ளது. அப்படியே ஊரிலிருந்து ஆள் வந்தாலும், தோசைக்கும் பிரியாணிக்கும் கை உண்டு. மீ கோரிங்கிற்கும் ரோஜாக் குழம்பிற்கும் ஊரில் யாரிடம் கற்றிருப்பார்? அவற்றை இங்கேயே, அந்தக் கடைக்காரர் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். சித்தப்பாவுக்கு ஊரில் கிடைக்காதவை எவையோ, அவைதான் முதலில் மறையும் நிலையில் இருக்கின்றன. மூத்த கடைக்காரர் தம் தொழிலையும் செய்முறையையும் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குக் கற்றுத்தந்து கடையை ஒப்படைக்க, 2022 இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஒரு திட்டம் தொடங்கியது. கற்க வருவோர் வேண்டுமே!

பரிந்துரையால் ஒரு கடை திணறிப்போகும் என்பதும் உண்மை. 2016 இல் மிஷலின் வழிகாட்டி முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. சைனாடவுனில் இரண்டு வெள்ளிக்குக் கோழிச் சோறு விற்றவர் கடைமுன் மணிக்கணக்கில் வரிசை நின்றது. அவர் கடை நிறுவனமாக வளர்ந்தது. 2021 இல் நட்சத்திரம் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் தினமும் சாப்பிட்ட முதியவர்கள் அந்த வரிசையில் நின்றிருப்பார்களா என்பது சந்தேகமே. அதனால் ஊடகத்தில் ஒரே கடையைத் தூக்கிப் பிடிப்பதைவிட, உங்கள் வீவக பேட்டையில் உள்ள மீ கோரிங் கடையை நான்கு பேரிடம் சொல்வது அந்தக் கடைக்காரருக்கு உதவும்.

சொல்லும்போது கடையின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். உணவங்காடி நிலையத்தில் பெயர்ப்பலகை ஒன்றுபோலவே இருக்கும். போகும் முன் துப்புரவுக்கு மூடும் நாட்களையும் பார்த்துவிடுங்கள். சுற்றுப்புற வாரியம் பட்டியல் வெளியிடுகிறது. தேக்காவே 2023 ஜூலையில் தொடங்கிச் சுமார் மூன்று மாதம் சீரமைப்புக்காக மூடிக் கிடந்தது. வந்தவர்கள் பலர் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கடைக்காரரிடமே, "அண்ணே, எந்த நாள் லீவு? எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. கேட்பவர் வேலையைத் தெரிந்து கேட்கிறார் என்று புரிந்தால், வாணலியைத் தட்டியபடியே, எந்த நேரத்தில் வந்தால் எது சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.