பூ நின்ற பிறகுதான் செடிக்குக் கவனிப்பு



பங்குனியில் ஆரம்பித்து ஐப்பசி வரை விடியற்காலையில் எழுந்து மல்லிகைப் பூ பறித்தோம். மார்க்கெட்டுக்கு அனுப்பினோம். அந்தப் பணத்தில் குழுத் தவணையும் கட்டினோம். இப்போது மழை, பனி வந்து பூ குறைந்துவிட்டது. "பூவே இல்லை, தோட்டத்தில் என்ன வேலை?" என்று அந்தப் பக்கம் போவதையே நம்மில் பலர் நிறுத்திவிடுகிறோம். ஆனால் அடுத்த வருடம் எத்தனை கிலோ பூ கிடைக்கும் என்பது இந்தச் சமயத்தில்தான் முடிவாகிறது.

ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னதை இங்கே சொல்கிறேன். "கார்த்திகையிலயே கவாத்து பண்ணணும்னுதான் நெனச்சேன். ஆனா பூ கிலோ ஆயிரத்துக்கு மேல போகுது. தினமும் கால் கிலோவாவது வருதே, அதை வெட்ட எப்படி மனசு வரும்?" என்றார். மார்கழி போனது, தை போனது. மாசி கடைசியில்தான் வெட்டினார். பக்கத்துத் தோட்டத்துப் பூ மார்க்கெட்டுக்குப் போனபோது அவர் செடி அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. பங்குனி, சித்திரை இரண்டு மாதப் பூவும் போச்சு. அந்த மாதத் தவணைகளைக் கைமாற்று வாங்கித்தான் கட்டினார். கால் கிலோ பூவுக்கு ஆசைப்பட்டு, வருமானம் வரும் இரண்டு மாதத்தை அவர் இழந்துவிட்டார்.

ஏன் வெட்ட வேண்டும்?

மல்லிகை புதிதாக விடும் துளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளைகளை அப்படியே விட்டால் செடி உயரமாகப் போய், உள்ளே வெயிலும் காற்றும் புகாமல் அடைந்துவிடும். பூச்சிக்கும் அது வசதியான இடம். வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதுத் துளிர்கள் நிறைய வரும். வெட்டியதிலிருந்து பூ வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால்தான் தேதி முக்கியம்.

எப்போது, எவ்வளவு உயரத்தில்?

* குண்டுமல்லி: நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து 50 செ.மீ.
* ஜாதிமல்லி (பிச்சி): டிசம்பர் கடைசி வாரம். 50 செ.மீ.
* முல்லை: ஜனவரி கடைசி வாரம். 45 செ.மீ.

அளவு நாடா தேடி அலைய வேண்டாம். பூச்சரம் அளக்கிறோமே, அதே முழம்தான். குண்டுமல்லிக்கும் பிச்சிக்கும் ஒரு முழத்துக்கு மேல் மூன்று விரல் அளவு விட்டு வெட்டுங்கள். முல்லைக்கு ஒரு முழம் போதும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, மண்ணைக் காயவிடுங்கள். மழை பெய்யும் நாளில் வெட்ட வேண்டாம்.
2. கத்தரி அல்லது அரிவாள் நல்ல கூராக இருக்கட்டும். மழுங்கிய அரிவாளில் வெட்டினால் தண்டு பிளந்து அழுகல் வரும். கவாத்துக் கத்தரி விலை அதிகம் என்றால் குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம்.
3. காய்ந்த குச்சி, நோய்வாய்ப்பட்ட கிளை, ஒன்றோடொன்று பின்னிய கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள்.
4. வெட்டிய குப்பையைச் செடிக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள். பூச்சியும் நோயும் அதில்தான் தங்கும். தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள்.
5. களை எடுத்து மண்ணைக் கொத்திவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கு வந்து சாகும்.

உரம்

குண்டுமல்லிச் செடி ஒன்றுக்குக் கவாத்து முடிந்ததும் 10 கிலோ மக்கிய தொழு உரம் வையுங்கள். அதோடு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். இதே அளவு ரசாயன உரத்தை ஆனி, ஆடியில் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். மண் பரிசோதனை செய்தவர்கள் அந்த அட்டையில் உள்ளபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். உரத்தைத் தண்டின் மேல் கொட்டாமல் ஓர் அடி தள்ளி, சுற்றி வட்டமாக வைத்து மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விடுங்கள்.

மழைத் தண்ணீர்

மல்லிகைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகவே ஆகாது, வேர் அழுகிவிடும். வாய்க்கால் வெட்டி வடிய விடுங்கள். ஒரு செடி திடீரென்று வாடினால் அதற்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப் பகுதி நனைய ஊற்றுங்கள். புதுத் துளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து, நிறம் திரும்பும் வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். மருந்து கலக்கும்போது வெறும் கையை விடாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

"வெட்டிட்டா மூணு மாசம் கஞ்சிக்கு என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த அக்காவைத் தடுத்ததும் இந்தப் பயம்தான். ஒரே வழி, பூ கொட்டும் வைகாசி, ஆனி மாதங்களிலேயே வாராவாரம் கொஞ்சம் தனியாக எடுத்து வைப்பதுதான். புதுக் கடன் வாங்கும்போது, பூ வரும் மாதத்தில் கூடுதலாகவும் பூ இல்லாத மாதத்தில் குறைவாகவும் கட்டுவதுபோல் தவணையை வைக்க முடியுமா என்று குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பல வீடுகளில் பூ பறிப்பது நாம், கவாத்து ஆண்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். அவர்களுக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருந்து தேதி தள்ளிப்போகிறது. கத்தரி பிடிக்க நமக்கும் கை இருக்கிறது. இந்த மாதக் கூட்டத்தை யாராவது ஓர் உறுப்பினரின் தோட்டத்தில் வையுங்கள். தெரிந்தவர் ஒரு செடியை வெட்டிக் காட்டட்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு செடி வெட்டிப் பழகுவோம். வீட்டு வாசலில் ஒரே ஒரு மல்லிகைச் செடி வைத்திருப்பவர்களும் வாருங்கள், அதற்கும் இதே கவனிப்புதான்.