வெயிலை எங்கே அளக்கிறோம்?

சென்னையின் வெப்பநிலையை நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு பெயர்களோடுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். வானிலை நிலையங்களில் வெப்பமானி இருப்பது நிழலில், காற்று புகுந்து வெளியேறும் வெள்ளைப் பெட்டிக்குள். வானிலையைக் கணிக்க அதுவே சரியான முறை. ஆனால், வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் படுத்திருக்கும் ஒரு மூதாட்டி தாங்கும் சூட்டை அந்தப் பெட்டி சொல்லாது.

பகலெல்லாம் காய்ந்த சிமென்ட் சுவர் இரவில்தான் அனலைக் கக்கும். கடலோர ஊர் என்பதால் புழுக்கம் வேறு. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வேர்வை வழியுமே தவிர காயாது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தத்தை அனுப்பி அனுப்பி இதயம் களைக்கிறது. இரவிலும் சூடு தணியாவிட்டால் அந்த இதயத்துக்கு ஓய்வு ஏது?

சூடு உயிரையே பறிக்கும் என்பதை அகமதாபாத் கொடுமையாகக் கற்றுக்கொண்டது. 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரியவந்தது. மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று எழுதப்படும் சாவுகளுக்குள் வெயில் ஒளிந்துகொள்ளும். எண்ணிப் பார்த்தால்தான் பிடிபடும்.

அதே நகரின் சாரதாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்தளத்தில் இருந்தது. வெப்ப பாதிப்போடு பச்சிளங்குழந்தைகள் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு, அந்த வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். இந்த மாற்றம் அத்தகைய பாதிப்பை 64 விழுக்காடு குறைத்ததாக மருத்துவர்களின் ஆய்வு சொல்கிறது. இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆபத்து எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். 2013இல் அந்த மாநகராட்சி கொண்டுவந்த வெப்பத் தடுப்புத் திட்டம் தெற்காசியாவிலேயே முதலாவது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், நிவாரணம் சாவுக்குப் பிறகு வருவது. அதற்கு முன்பே, வார்டு வார்டாக, வீட்டுக்குள்ளே, இரவு நேரத்தில் சூட்டை அளக்க வேண்டும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளின் பட்டியலும், அங்கே தனியாக வாழும் முதியோரின் பட்டியலும் சுகாதார ஊழியர் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த கோடைக்குள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இந்த இரண்டு பட்டியலையும் கேளுங்கள்.