திருகின் முனையில் நிற்கும் பேரிங்

தேக்காவுக்கு அருகே 1930களில் தோன்றி 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்ட சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தையும், ஜாலான் புசாரில் மின்னணு உதிரிபாகங்களுக்குப் பேர்போன சிம் லிம் டவரும், சொந்தக் கையால் இயந்திரம் செய்து பார்க்கும் ஆசை கொண்ட சிங்கப்பூர்வாசிகளுக்கு நெடுங்காலம் துணைநின்றவை. அவ்விதம் வீவக வீட்டின் அறையொன்றிலேயே, கணினி வழிநடத்த உலோகத்தையோ மரத்தையோ வெட்டும் சிறு சிஎன்சி இயந்திரத்தை அமைக்க முனைகிறவர், மோட்டாருக்குச் செலுத்தும் சிரத்தையில் பாதியைக்கூடப் பால் ஸ்குரூவைத் தாங்கும் பேரிங்குக்குச் செலுத்துவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பால் ஸ்குரூ என்பது, திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டோட, சுழற்சியை நேர்கோட்டு நகர்ச்சியாக மாற்றும் சாதனம். சாதாரணத் திருகில் உராய்வுக்கே பெரும்பகுதி இரையாகும் சக்தி இதில் 90 சதவீதம் வரை பயன்படுவதால், ஒரு நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை மட்டுமே உள்ள மோட்டாரும், சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் திருகின் துணையோடு, சுமார் 1,100 நியூட்டன், அதாவது 110 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு இயந்திரத்தின் மேசையைத் தள்ளக்கூடும். அதே விசை திருகின் நீளவாக்கில் திரும்பி வந்து பேரிங்கை அழுத்துகிறது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்கேட் சக்கரத்தின் 608 பேரிங்கை அங்கே பொருத்துவோர் பலர். அச்சுக்குக் குறுக்கே வரும் பாரத்தைச் சுமப்பதே அதன் பிரதான தொழில். அதனுள் விடப்பட்டிருக்கும் நுண்ணிய இடைவெளியோ அச்சின் திசையில் பன்மடங்காகப் பெருகி, நகர்ச்சி திசை மாறும்போதெல்லாம் மேசையைக் கணநேரம் தயங்கவைக்க, வெட்டிய வட்டம் வட்டமாக இராது.

ஆகையால் மோட்டார்ப் பக்கத்து முனைக்கு, குண்டுகள் சாய்கோணத்தில் தொட்டு நீளவாக்கு விசையைத் தாங்கும் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்கே உகந்தது. ஒன்று ஒரு திசை விசையை மட்டுமே தாங்குமாதலால், இரண்டை எதிரெதிராக வைத்து, இடைவெளி மறையும் அளவுக்கு அவற்றைப் பிடித்திருக்கும் பூட்டு நட்டை முடுக்க வேண்டும். மிதமிஞ்சி முடுக்கினால் பேரிங் சூடேறித் தேய்ந்துபோகும். 16 மில்லிமீட்டர் திருகுக்கு விற்கப்படும் பிகே12 என்னும் தாங்குசட்டத்தில் இருக்கவேண்டியது 7001 வகைப் பேரிங் இரண்டு. 12 மில்லிமீட்டர் துளை, 28 வெளிவிட்டம், 8 தடிமன் என்னும் இதே அளவுகள் சாதாரண 6001 பேரிங்குக்கும் உரியவையாதலால், வெளித்தோற்றத்தை நம்பாமல் மூடியைக் கழற்றி எண்ணைப் படித்துப் பார்ப்பது விவேகம்.

மறுமுனையை இறுகக் கட்டுவது அனர்த்தம். 600 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் திருகு, ஓட்டத்தில் பத்து டிகிரி சூடேறினால், ஒரு மயிரிழையின் பருமனளவு, ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர், நீளும். நீள இடமில்லையேல் அந்த நெருக்கடி முழுவதும் திருகையும் பேரிங்குகளையும் வருத்தும். அங்கே நீளவாக்கில் நகர இடங்கொடுத்து ஒரு சாதாரணப் பேரிங்கைப் பொருத்தினால் போதும்.

கையில் பணம் குறைவாயின் மறுமுனையில் சிக்கனம் செய்யுங்கள். மோட்டார் முனையில் வேண்டாம்.