நான்கு சக்கர இயக்க ஊர்தியைப் பின்சக்கர இயக்கத்துக்கு மாற்றுதல்

எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும்படி அமைந்த ஊர்தியில், முன்சக்கரங்களுக்கான விசையைத் துண்டித்து, பின்சக்கரங்கள் மட்டும் ஊர்தியைத் தள்ளும்படி செய்வதே இம்மாற்றம். எரிபொருளை மிச்சப்படுத்துவது, பழுதான முன்னச்சைச் சரிசெய்யும் செலவைத் தவிர்ப்பது, பந்தயத் தளத்தில் வண்டியைச் சறுக்கி ஓட்டுவது ஆகியவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். முன்பக்கத்துக்குச் செல்லும் தண்டைக் கழற்றினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சில வண்டிகளுக்கு அது பொருந்தும். சிலவற்றில் அப்படிச் செய்தால் வண்டி இருந்த இடத்தைவிட்டு நகராது. எது எந்த வகை என்று அறிவதே இவ்வேலையின் முதல் படி.

எண்ணூரும் சக்கரக் கணக்கும்

லாரிகளின் இயக்கத்தை 4×2, 4×4, 6×4 என்று குறிப்பது வழக்கம். முதல் எண் மொத்தச் சக்கர முனைகளையும், இரண்டாவது எண் விசை பெறும் முனைகளையும் குறிக்கும். பின்னால் இரட்டை டயர் இருந்தாலும் அது ஒரு முனையாகவே கணக்கிடப்படும்.

வடசென்னையின் எண்ணூரோடு இவ்விருவகை வண்டிகளுக்கும் தொடர்பு உண்டு. 1948இல் ஆஸ்டின் கார்களுக்காகத் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பின்னர் பிரித்தானிய லேலண்டுடன் இணைந்து அசோக் லேலண்டாகி, எண்ணூரில் லாரிகளைத் தயாரித்தது. சாலையில் ஓடும் சரக்கு லாரிகளுடன், இந்தியப் படைக்கான 4×4 ஸ்டாலியன் லாரியும் இந்நிறுவனத்தின் வடிவமைப்பே. அது ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலையிலும் பூட்டப்பட்டது.

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் லாரிகளில் முன்னச்சுக்கு விசை தருவது வழக்கமில்லை. சக்கரத்தின் பிடிப்பு அதன்மேல் அமரும் எடையைப் பொறுத்தது. டிரெய்லரின் பாரம் இழுவை லாரியின் பின்னச்சுமேல் இறங்குவதால், விசையும் அங்கேயே கொடுக்கப்படுகிறது. சமதளத் தார்ச்சாலையில் இது போதும். மணலிலும் சேற்றிலும் மலையேற்றத்திலும்தான் முன்சக்கர விசையின் தேவை தெரியும்.

மூன்று வகை அமைப்புகள்

1. தேவைப்படும்போது மட்டும் இயங்குபவை. வில்லிஸ் ஜீப், மாருதி ஜிப்சி போன்றவை இவ்வகை. கியர் பெட்டியை அடுத்துள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னச்சுக்கு எப்போதும் விசை தரும். நெம்புகோலைத் தள்ளினால்தான் முன்னச்சும் சேரும். அதாவது, இவை சாதாரண ஓட்டத்தில் ஏற்கெனவே பின்சக்கர இயக்க ஊர்திகளே. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். இவ்வகையில் அந்த வேறுபாட்டை ஏற்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் டயர் தேயும், பற்சக்கரங்கள் இறுகும்.

2. எப்போதும் நான்கு சக்கரமும் இயங்குபவை. ரேஞ்ச் ரோவரின் பழைய மாதிரிகளும் லாடா நிவாவும் இவ்வகை. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே டிஃபரன்ஷியல் உண்டு. அது எதிர்ப்பு குறைந்த பக்கம் சுழலும் இயல்புடையது. முன்தண்டைக் கழற்றிவிட்டால் விசை முழுதும் காலியான அந்த வாயில் வீணாகச் சுழலும், வண்டி நகராது. நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினாலோ, திடமான இணைப்பால் மாற்றினாலோதான் விசை பின்னால் செல்லும்.

3. முன்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டவை. எஞ்சின் குறுக்காக அமைந்த பல எஸ்யூவிகள் இவ்வகை. விசை முதலில் முன்னச்சுக்குப் போகும். ஒரு பகுதி மட்டும் கிளட்ச் வழியாகப் பின்னே செல்லும். இப்பாகங்கள் எஞ்சினின் முழு விசையையும் தொடர்ந்து தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல. இவற்றை மாற்றுவது பெரும்பாலும் செலவுக்குத் தகாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முன்தண்டைக் கழற்றிய பின் டிரான்ஸ்ஃபர் கேஸின் வாய் திறந்தபடி இருந்தால் எண்ணெய் கசியலாம். ஆகவே அதைச் சரியான மூடியால் அடைக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் சக்கரம் தனி அச்சு முனைமேல் தாங்கப்படுவதால், உள்ளிருக்கும் தண்டை எடுத்தாலும் சக்கரம் நிற்கும். பல நவீன கார்களில் அந்தத் தண்டின் வெளிமுனையே சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. அதை முழுதாக உருவினால் ஓட்டத்தில் பேரிங் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும். எனவே வெளி மூட்டை மட்டும் இடத்தில் விட்டு நட்டை இறுக்குவார்கள்.

முன்பு இரண்டு அச்சுகள் பகிர்ந்த விசையை இனிப் பின்னச்சு ஒன்றே தாங்கும். அதன் தண்டும் பற்சக்கரங்களும் அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்க வேண்டும். சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்புகள் நான்கு சக்கர விசையைக் கருதி நிரலாக்கப்பட்டவையாக இருந்தால், எச்சரிக்கை விளக்கு எரியலாம். அவசர நேரத்தில் அவை எதிர்பார்த்தபடி வேலை செய்யாமலும் போகலாம். கடலோர உப்புக்காற்று வீசும் எண்ணூர், திருவொற்றியூர் போன்ற இடங்களில் திறந்துவிட்ட முனைகளை மூடாமல் விட்டால் துரு விரைவில் ஏறும்.

கழற்றாமலே கிடைக்கும் வழி

முதல் வகை ஊர்திகளில் முன்சக்கர நடுவில் 'ஃப்ரீ வீலிங் ஹப்' எனும் பூட்டைப் பொருத்தலாம். அதைத் திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் சுழலும், தண்டும் முன் டிஃபரன்ஷியலும் சும்மா நிற்கும். முன்தண்டைக் கழற்றுவதால் கிடைக்கும் எரிபொருள் ஆதாயத்தின் பெரும்பகுதி இதிலேயே கிடைக்கும். தேவை வரும்போது மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். 2017இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்5 காரில், ஓட்டுநரே பின்சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தயாரிப்பாளரே தந்துள்ளார். அங்கே மின்னணு அமைப்பும் அதற்கேற்ப வடிவமைக்கப்பட்டது என்பதே வேறுபாடு.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை விளக்கி, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களுக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகைசெய்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது தகராறுக்கு இடமாகலாம். ஆகவே பொதுச் சாலையில் ஓடும் ஊர்தியில் கைவைக்கும் முன் பதிவு அதிகாரியிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.