கிழக்காசிய வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு: உதவித்தொகை பெறுவது எப்படி?

புதுதில்லி: 19-ஆம் நூற்றாண்டில் பிகாரில் விளைந்த அபினி, கொல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, சீனாவின் கான்டன் பகுதிக்குக் கடத்தப்பட்டது. இந்த வணிகத்தை ஆராய விரும்பும் மாணவர், ஆங்கிலேய அரசின் ஆவணங்களை தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலேயே படிக்கலாம். சீனத் தரப்பை அறியவோ சீன மொழி தேவை. அதனால், இத்துறையில் பணத்தைவிடக் காலமே பெரிய தடை.

யுஜிசி-நெட் தேர்வின் மூலம் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வாவோருக்கு, 2023 ஜனவரி முதல், மாதம் ரூ.37,000 வழங்கப்படுகிறது. 2 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆய்வின் முன்னேற்றம் மதிப்பிடப்பட்டு ரூ.42,000-ஆக உயர்த்தப்படும். உதவித்தொகைக் காலம் அதிகபட்சம் 5 ஆண்டுகள். புதிதாக ஒரு மொழியைக் கற்கத் தொடங்கினால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். எனவே, முதுநிலைப் படிப்பின்போதே மொழிப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தில்லி பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகள் கற்பிக்கப்படுகின்றன.

ஜப்பான் அரசின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகை இச்சிக்கலை ஓரளவு தீர்க்கிறது. ஜப்பானிய மொழி போதிய அளவு அறியாதவர்களுக்கு முதல் 6 மாதங்கள் மொழிப் பயிற்சி உண்டு. கல்விக் கட்டணம் இல்லை. விமானக் கட்டணத்தையும் அந்நாட்டு அரசே ஏற்கிறது. இந்தியாவிலுள்ள ஜப்பான் தூதரகம் மூலம் விண்ணப்பிக்கலாம். ஆய்வுத் திட்டத்தில், பார்வையிடவுள்ள காப்பகத்தின் பெயரைக் குறிப்பிடுவது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும்.