கடையில ஓடும், வீட்டுல நிக்கும்: ரெண்டு மானிட்டரும் ஒரு ஹேங்கும்

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு பிரச்சினையைப் பத்தி. ரெண்டு மானிட்டர் வச்சிருக்கீங்க. ஒண்ணுல வேலை, இன்னொண்ணுல மேட்ச் இல்லன்னா ஆன்லைன் கிளாஸ். கொஞ்ச நேரம் நல்லா ஓடுது. திடீர்னு வீடியோ அப்படியே நிக்குது. சில சமயம் அதோட கம்ப்யூட்டரே ஹேங்க் ஆகுது. வீடியோ இல்லாதப்போ எந்தப் பிரச்சினையும் இல்ல. ஒரு மானிட்டரைக் கழட்டிட்டாலும் பிரச்சினை இல்ல.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துல இருந்து நம்ம நேயர் ஒருத்தர் இதைத்தான் கேட்டிருந்தார். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறார். செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப், அதுல ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு. மீட்டிங் நடுவுல ரெண்டு தடவை ஹேங்க் ஆனதும், "இப்படியே போனா ஆபீஸுக்கே வந்துடுங்க"ன்னு மேனேஜர் சொல்லிட்டாராம். பெங்களூர்ல ரூம் எடுத்தா சம்பளத்துல பெரிய பங்கு வாடகைக்கே போயிடும். அதனால சிபியூவைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி டவுன் கடைக்குப் போயிருக்கார். கடையில ரெண்டு நாள் ஓட விட்டுப் பார்த்தாங்க, ஹேங்கே ஆகல. ஃபார்மட் பண்ணிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே மறுபடி ஹேங்க். அடுத்த தடவை போனப்ப, "கார்டு போயிடுச்சு, மாத்திடலாம்"னு பதில்.

கடைக்காரர் பொய் சொல்லல. அவர் டேபிள்ல இருந்தது ஒரே ஒரு மானிட்டர். அதுல இந்த ஹேங்க் வரவே வராது. இந்த மாதிரி கோளாறு பல நேரம் பெட்டிக்குள்ள இருக்காது. பெட்டி, ரெண்டு மானிட்டர், கேபிள், பிரவுசர் எல்லாம் சேர்ற இடத்துல இருக்கும். அந்தக் கூட்டணி உங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு. அதனால சோதனையை வீட்டுலதான் பண்ணணும்.

ரெண்டு மானிட்டர்னா என்ன மாறுது?

ஒரு பரோட்டா மாஸ்டர், ரெண்டு டேபிள்னு வச்சுக்கங்க. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு சுமார் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம் போகணும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு சுமார் 6.9 மில்லி செகண்டுக்கு ஒண்ணு. ரெண்டு டேபிளோட வேகமும் வேற, மாஸ்டர் ஒருத்தர்தான். விண்டோஸ்ல இந்த மாஸ்டர் பேரு டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர். எல்லா விண்டோவையும் சேர்த்து ஒரே படமாக்கி மானிட்டருக்கு அனுப்புறது அதோட வேலை. முன்னாடி வேகம் வேறுபட்ட மானிட்டர்கள்ல இது ரொம்பவே திணறும். 2020 மே மாசம் வந்த விண்டோஸ் 10, 2004 பதிப்புக்கு அப்புறம் நிலைமை நல்லா மேம்பட்டுச்சு.

வீடியோன்னு வந்தா இன்னொரு குறுக்கு வழியும் இருக்கு. வீடியோ படத்தை மாஸ்டர்கிட்ட கொடுக்காம, தனி அடுக்கா நேரா டிஸ்ப்ளே ஹார்டுவேருக்கே அனுப்பிடலாம். மின்சாரம் மிச்சமாகும். இதுக்குப் பேரு மல்டி பிளேன் ஓவர்லே, சுருக்கமா எம்பிஓ. விண்டோஸ் 8.1 காலத்துல இருந்தே இருக்கு. வீடியோ விண்டோவை நகர்த்தும்போது, முழுத்திரை ஆக்கும்போது இந்த வழி திறக்கும், மூடும். சில கார்டு, சில டிரைவர் சேர்க்கையில அந்த மாற்றம் நடக்கிற நொடியிலதான் சிக்கல் வருது.

முதல்ல: எது நின்னுச்சு?

வீடியோ நிக்குது, ஆனா மவுஸ் நகருது, மத்த விண்டோ வேலை செய்யுதுன்னா, சந்தேகம் பிரவுசர் மேல, இல்லன்னா வீடியோ டீகோடிங் மேல.

திரை ஒரு நொடி கருப்பாகித் திரும்புதுன்னா அது டிரைவர் ரீசெட். கிராபிக்ஸ் ஹார்டுவேர் 2 செகண்டுக்குள்ள பதில் சொல்லலன்னா விண்டோஸே டிரைவரை மறுபடி தொடங்கும். விஸ்டாவுல இருந்தே இந்த ஏற்பாடு இருக்கு. ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் பகுதியில 4101ங்கிற எண் பதிவாகியிருந்தா நடந்தது இதுதான்.

எதுவுமே அசையலன்னா கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்க. லைட் மாறுதுன்னா கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள உயிரோடதான் இருக்கு. அப்போ விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அழுத்துங்க. கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், சேவ் பண்ணாத வேலை தப்பிக்க வாய்ப்பிருக்கு. லைட்டும் மாறலன்னா சூடு, ரேம், பவர் சப்ளை பக்கமும் பார்க்கணும்.

ஈவென்ட் வியூவர்ல 41ங்கிற எண்ணைப் பார்த்ததும் பவர் சப்ளை மாத்த ஓடாதீங்க. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சாலும் அது பதிவாகும்.

அப்புறம்: ஒரு நேரத்துல ஒரே மாற்றம்

ஒண்ணு, ரெண்டு மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸ்ல வச்சு ஒரு நாள் ஓட்டுங்க. ஹேங்க் போயிடுச்சுன்னா வேக வித்தியாசத்துக்கு இதுல பங்கு இருக்கு.

ரெண்டு, பிரவுசர் செட்டிங்ஸ்ல ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைச்சுட்டு பிரவுசரை மூடித் திறங்க. இது வைத்தியம் இல்ல, பரிசோதனை. பிரச்சினை நின்னா, கிராபிக்ஸ் டிரைவர் பக்கம்தான் கோளாறுன்னு தெரியுது. அப்படியே விட்டுட்டா வீடியோ வேலை முழுக்க பிராசசர் தலையில விழும்.

மூணு, யூடியூப் வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்க. கோடெக் வரியில பல நேரம் விபி9 அல்லது ஏவி1 இருக்கும். இன்டெல்ல விபி9ஐ முழுசா ஹார்டுவேர்லயே டீகோட் பண்றது 7ஆம் தலைமுறையில இருந்துதான், ஏவி1ஐ 11ஆம் தலைமுறையில இருந்துதான். பழைய பெட்டியில 4கே வச்சா பிராசசர் மூச்சு வாங்கும். தரத்தை 1080க்கோ 720க்கோ குறைச்சுப் பாருங்க.

நாலு, எம்பிஓ. டிரைவர் 461.09க்கு அப்புறம் சில கம்ப்யூட்டர்கள்ல விண்டோ அளவை மாத்தும்போது மினுக்கலும் திக்கலும் வரலாம்னு என்விடியாவே தன்னோட உதவிப் பக்கத்துல ஒத்துக்கிட்டு, எம்பிஓவை அணைக்கவும் திரும்ப இயக்கவும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்களையும் கொடுத்துச்சு. அது செய்யறது, ஓவர்லே டெஸ்ட் மோட்ங்கிற மதிப்பை 5ஆ வைக்கிறது. ரெஜிஸ்ட்ரியில கை வைக்கிறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கங்க. பலன் இல்லன்னா பழையபடி மாத்திடுங்க.

யாரும் பார்க்காத இடம்: பெட்டியோட பின்பக்கம்

நம்ம நேயர்கிட்ட சிபியூவோட பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் மானிட்டர் கிராபிக்ஸ் கார்டுல. ரெண்டாவது பழைய மானிட்டர், அதுல விஜிஏ மட்டும்தான். கார்டுல விஜிஏ இல்லாததால அதை மதர்போர்டுல சொருகியிருக்கார். ஆக, ஒரு மானிட்டரை கார்டு ஓட்டுது, இன்னொண்ணை பிராசசருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் ஓட்டுது. மாஸ்டர் சமையல் ஒரு கடையில, டேபிள் பக்கத்துக் கடையிலங்கிற கதைதான். ஒரு பக்கம் தயாராகிற ஒவ்வொரு படத்தையும் இன்னொரு பக்கத்துக்கு காப்பி பண்ணணும், ரெண்டு டிரைவரும் ஒத்துப்போகணும். வெறும் மெயில் பார்க்கும்போது இது தெரியாது. வீடியோ ஓடும்போதுதான் தெரியும்.

ஹெச்டிஎம்ஐல இருந்து விஜிஏக்குப் போற சின்ன கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி, ரெண்டு மானிட்டரையும் கார்டுலயே சொருகினார். திசை முக்கியம், விஜிஏல இருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போறது வேற பொருள். மூணு வாரம் ஆச்சு, அதுக்கப்புறம் ஹேங்க் வரல. 'போயிடுச்சு'ன்னு சொன்ன அதே கார்டுதான் இப்பவும் ஓடுது.

எல்லாருக்கும் இதே காரணமா இருக்காது. உண்மையிலேயே கார்டு போன கேஸும் உண்டு. ஆனா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல நாலு விஷயம் எழுதுங்க: எது நின்னுச்சு, எந்த மானிட்டர்ல வீடியோ ஓடுச்சு, எந்த கேபிள் எந்த ஓட்டையில இருக்கு, எதை மாத்தினப்போ நின்னுச்சு. கடைக்குப் போறதா இருந்தா அந்தத் தாளோட ரெண்டாவது மானிட்டரையும் எடுத்துட்டுப் போங்க. அது இல்லாம கடைக்காரரால உங்க பிரச்சினையைப் பார்க்கவே முடியாது.